வீட்டில் பியூன் இல்லை

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நமது இல்லத்தின் முன்னறையில் இயங்கிவரும் சாதாரண கம்ப்யூட்டரானது வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணியளவில் மேக் கம்ப்யூட்டராக மாற்றியமைக்கப்படவுள்ளது. இவ்வரலாற்று நிகழ்வின்போது குடும்பத்தினர் அனைவரும் முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

மேலே உள்ள வாக்கியங்கள் என்னுடையவை அல்ல. அப்படி எழுதும் தெம்பு எனக்கு இருந்திருந்தால் நான் கதை எழுத வந்திருக்கமாட்டேன், குடிநீர்த் துறையில் சேர்ந்திருப்பேன். எழுதியவர் அங்கேதான் இருக்கிறார். தண்ணீர் வராது என்பதை ஊருக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு அலுவலர். தண்ணீர் வரும் என்று அவர் இதுவரை அறிவித்ததில்லை. வந்தால் ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் அவருக்குப் பெயர் சுற்றறிக்கை. வைத்தவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி.

இந்த மச்சினன்தான் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான். ஐம்பதைத் தாண்டியபின் மிதக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவன், குளத்தின் ஓரக் கம்பியைப் பல்லிபோலப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பயிற்சியாளர் என்ன கதை சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மேற்படி அறிவிப்பு குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்ததையும் அதற்குப் பின் நடந்ததையும் அவன் அப்படித்தான் சொன்னான். கதையின் ஊற்றுக்கண் எது என்று யாராவது கேட்டால், குளோரின் வாடை அடிக்கும் நாலடி ஆழத் தண்ணீர் என்று நாணயமாகச் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் மழையெனப் பொழிய, அவர் உள்ளத்திலும் ஏதோ ஒன்று..."

விட்டுவிட்டேன். அந்த ஏதோ ஒன்று என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்து:

"மனிதன் இயந்திரத்தை மாற்றுகிறானா, இயந்திரம் மனிதனை மாற்றுகிறதா என்னும் ஆதிக் கேள்வியை நாம்..."

இதுவும் பூட் ஆகவில்லை, கிளம்பவே இல்லை. விசிறி மட்டும் சத்தமாகச் சுற்றியது.

மூன்றாவது: வியாழக்கிழமை எடிட்டரின் மேக் செத்துப்போனது.

ஓடுகிறது. இப்படியே போவோம்.

எடிட்டர் என்பவர் சுற்றறிக்கையின் மனைவி. இருபது வருடம் அடுத்தவர்களின் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது முதல்முறையாகத் தன் படம் ஒன்றை எடுத்திருக்கிறார். ஒரே ஒரு லிஃப்டுக்குள் நடக்கும் நாற்பது நிமிடப் படம். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், கதவு மூடியதும் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கடைசிப் பகுதிக்கு ஒலி சேர்க்கவேண்டும், பெயர்களைப் போடவேண்டும். திங்கட்கிழமை நண்பகலுக்குள் போட்டிக்கு அனுப்பவேண்டும். இந்த நேரம் பார்த்து மேக் கண்ணை மூடியது. பழுது பார்க்கும் கடையில், உதிரிபாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். படம் தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும்.

அவருக்குத் தெரிந்து இன்னொரு மேக் இருந்தது, பழைய முதலாளியின் ஸ்டுடியோவில். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, முதலாளியே போன் செய்துவிட்டார். "வாம்மா, நம்ம மெஷின்லயே முடிச்சுடலாம். நானும் ஒரு பார்வை பார்த்துடறேன்."

முதலாளியின் ஒரு பார்வை எப்படிப்பட்டது என்று எடிட்டருக்குத் தெரியும். அவர் பார்த்த படங்களில் எல்லாம் முதலில் 'மேற்பார்வை' என்று அவர் பெயர் வரும். பிறகு 'எண்ணமும் ஆக்கமும்' என்று வரும். எடிட்டரின் பெயர், டீ கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் ஓடி மறையும். எட்டு மாதத்துக்கு முன் ஸ்டுடியோ சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தவர் எடிட்டர். அந்தப் படிகளில் மறுபடி ஏறவேண்டும்.

ஏறவிடக்கூடாது என்று சுற்றறிக்கை முடிவு செய்தார். முடிவை மனைவியிடம் சொல்வதற்கு முன்பே குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டார். எடிட்டர் கெடு வைத்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேங்க. அதுக்கப்புறம் நான் ஸ்டுடியோவுக்குக் கிளம்பிடுவேன்."

டிஸ்கை ஒரு தோள்பையில் போட்டு, அறைக் கதவருகே நாற்காலியில் வைத்தார். அறையில் வேறு என்ன இருந்தது? ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், சாத்தப்படாத ஜன்னல், மேசைக்கு அடியில் ஒரு பச்சை வாளி.

3

மேக்கின் இயங்குதளத்தை அதற்கென்று செய்யாத கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அதைச் செய்த கம்பெனி ஒப்புக்கொண்ட காரியம் அல்ல. கூடாது என்றே உரிம வாசகத்தில் இருக்கிறது. உலகத்திலேயே அதிகம் பேர் 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்று பொய் சொன்ன வாசகம் அதுவாகத்தான் இருக்கும். நம் ஆள் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுகிறவர். அறிவிப்புகளை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

முறை இதுதான். ஒரு பென்டிரைவில் மேக்கை ஏற்றும் கோப்புகளைப் போடவேண்டும். கூடவே பூட்லோடர் என்றொரு தரகன் வேண்டும். எதிரே இருப்பது அசல் மேக்தான் என்று மேக்கிடம் சாதிப்பது அவன் வேலை. என்ன சொல்லிச் சாதிக்கவேண்டும் என்பது அமைப்புக் கோப்பு ஒன்றில் இருக்கும். அதில் ஒரு 'ஆம்' இருக்கவேண்டிய இடத்தில் 'இல்லை' இருந்தால் குட்டு உடைந்துவிடும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சொன்னால் சொன்னபடி, சுற்றறிக்கை பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாயிற்று, பென்டிரைவைச் செருகியாயிற்று. திரை கறுத்தது. எழுத்துகள் ஓடின. எழுத்துகள் ஓடியதே பெரிய விஷயம்.* சுற்றறிக்கை, எடிட்டர், மச்சினன் மூவரும் திரையை நெருங்கிப் பார்த்தார்கள். பிறகு வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட அடையாளம் ஒன்று வந்து நின்றது. நுழையாதே என்று தெருமுனையில் வைத்திருப்பார்களே, அது.

"அத்தான், இது நோ என்ட்ரி," என்றான் மச்சினன். "வண்டியைத் திருப்புங்க."

* நடப்பதையெல்லாம் ஒளிக்காமல் வரிவரியாகத் திரையில் கொட்டும் ஒரு முறை உண்டு. கோளாறு கண்டுபிடிக்கிறவர்கள் அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். அழகாக இருக்காது, ஆனால் எங்கே நின்றது என்று தெரியும். நீங்கள் படிக்கும் இந்தக் கதையும் அந்த முறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வழுவழுப்பான கதை வேண்டும் என்றால் பக்கத்து அலமாரியில் நிறைய இருக்கிறது.

அடையாளத்துக்கு மேலே கடைசியாக நின்ற வரியைச் சுற்றறிக்கை கண்ணாடி போட்டுப் படித்தார். மூல டிஸ்குக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்று அது சொன்னது. அதாவது, மேக் பென்டிரைவிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. வந்தபின் அந்தப் பென்டிரைவையே காணோம் என்று தேடுகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் துழாவுகிற மாதிரி.

குழுவில் உடனே அறிவிப்பு வந்தது: தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் மேக் மாற்றப் பணி மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது.

அறையில் இருந்த மற்ற இருவரின் போனும் ஒன்றாகச் சிணுங்கின.

4

[திருத்தம். இந்த மச்சினன் சரிப்படமாட்டான். கதையைச் சொன்னவனே அவன் என்பதால் நல்ல வசனத்தையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டுவிட்டான். நோ என்ட்ரி நகைச்சுவை அன்று சொன்னதா, குளத்தில் வைத்து யோசித்ததா என்றே எனக்குச் சந்தேகம். தவிரவும், புருஷன் மனைவி இருவருக்கும் உள்ள பிரச்சினையில் கடலை தின்னும் ஒரு மூன்றாவது ஆள் எதற்கு? முழுக்க நீக்கிவிட்டேன். இனி அறையில் இருவர் மட்டும்.]

5

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான்.

(எப்படி வந்தான்? நீக்கிவிட்டேனே. இருங்கள், பிறகு பார்க்கிறேன்.)

சுற்றறிக்கை அதற்குள் களத்தில் இறங்கியிருந்தார். இணையத்தில் இந்த வித்தைக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே ஒரு பண்டிதர். முகத்துக்குப் பதில் ஓநாய்ப் படம் வைத்திருப்பவர். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில், "வழிகாட்டியைப் படி." படித்துவிட்டேன் என்றால், "புரியும்படி படி." சுற்றறிக்கை தன் சங்கடத்தை அலுவலக நடையில், பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதினார். ஓநாய் மிரண்டுபோயிருக்கவேண்டும், முறையாகவே பதில் தந்தது. கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளைகளை மேக்குக்கு அறிமுகப்படுத்தும் சின்னத் துணைக்கோப்பு ஒன்றைச் சேர்க்கச் சொன்னது.

சேர்த்தார். மறுபடி கிளப்பினார். அதே வரி, அதே வட்டம், அதே கோடு.

இன்னொரு 'ஆம்'மை 'இல்லை' ஆக்கினார். அதே வட்டம். பயாஸில் இன்னொரு பூட்டைத் திறந்தார். அதே கோடு. அமைப்புக் கோப்பில், தரகன் சொல்லவேண்டிய மேக்கின் மாடல் பெயரையே மாற்றினார். மேக் அசரவில்லை.

தோற்பதில் ஒரு வெறி உண்டு, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தும்போது அவருக்குக் கை குறுகுறுத்தது. எழுத்துகள் ஓடும் அந்தச் சில நொடிகளில் மச்சினன் நாற்காலி நுனிக்கு வந்து, போகுது, போகுது, திரும்புது, கடைசி மீட்டர் என்று நீச்சல் போட்டி வர்ணனையே செய்தான். நின்றதும் இருவரும் நெற்றியில் அடித்துக்கொண்டு, அடுத்ததை முயன்றார்கள். ஒரு கட்டத்தில் சுற்றறிக்கை கண்கள் மின்னச் சொன்னார்: "மாப்ள, கவனிச்சியா? இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமா நின்னுச்சு."

"ஆமா அத்தான். முன்னேற்றம்தான். முன்னைவிட வேகமா தோக்கறோம்."

எடிட்டர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஓநாய் தன் இறுதித் தீர்ப்பை அனுப்பியது: உன் மதர்போர்டு இதற்கு லாயக்கில்லை, வேறு வாங்கு. அதே சமயம் முதலாளியிடமிருந்தும் செய்தி வந்தது. ஸ்டுடியோவைத் திறந்து வைத்திருக்கிறாராம். படத்துக்கு ஒரு நல்ல தலைப்பும் யோசித்துவிட்டாராம்.

எடிட்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சுற்றறிக்கை திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வருடம் ஊருக்கே தண்ணீர் வராது என்று கூசாமல் சொன்ன மனிதர், அந்தத் தோள்பையைப் பார்த்ததும் பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

6

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இங்கே ஓர் அதிசயம் தேவைப்பட்டது. அதிசயங்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அடுத்து நடந்ததாக மச்சினன் சொன்னது அதிசயமே அல்ல, வேலைப் பழக்கம்.

பையோடு வாசல் வரை போன எடிட்டர் திரும்பி வந்தார். காலையிலிருந்து எத்தனை மாற்றினீர்கள் என்று கேட்டார். ஏராளம் என்றார் சுற்றறிக்கை, கொஞ்சம் பெருமையாகவே. அத்தனை மாற்றியும் ஒரு தடவைகூட வேறு மாதிரித் தோற்கவில்லையா என்று கேட்டார். இல்லை.

"அதுதாங்க எனக்கு உதைக்குது," என்றார். "தப்பா மாத்தியிருந்தா வேற தப்பு வந்திருக்கணும். எப்பவும் ஒரே தப்பு வருதுன்னா, நீங்க மாத்தினது ஓடவே இல்ல."

"ஓடாம எப்படி? நான்தானே சேமிச்சேன்?"

"ஒரு இடத்துல வேணும்னே ஒரு தப்பு பண்ணுங்க. திரையில தெரியற மாதிரி தப்பு. அது தெரியுதான்னு பார்ப்போம்."

எடிட்டிங் மேசையில் இது பால பாடம். ஒரு காட்சியை வெட்டியபின்னும் அது திரையில் தலைகாட்டினால், பார்த்துக்கொண்டிருப்பது பழைய பிரதி. அதனால் ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் ஒரு அசிங்கமான அடையாளத்தைப் பதித்துவிடுவார்கள். பூட்லோடரின் முதல் பட்டியல் ஐந்து நொடி காத்திருந்துவிட்டுத் தானாக நகரும். அமைப்புக் கோப்பில் அந்த ஐந்தை முப்பது ஆக்கச் சொன்னார். ஆக்கினார். கிளப்பினார். மூவரும் வாய்விட்டு எண்ணினார்கள். ஐந்தில் பட்டியல் போய்விட்டது.

எடிட்டர் பையைக் கீழே வைத்தார். "எந்தக் கோப்பைத் திருத்தறீங்க? எனக்குக் காட்டுங்க."

காட்டினார். ஹார்டுடிஸ்கில் 'திருத்தப்பட்டது – இறுதி' என்றொரு கோப்புறை. பென்டிரைவில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, நகலில்தான் அத்தனை திருத்தங்களையும் செய்திருந்தார். மூலத்தில் கை வைக்கக்கூடாது, நகலில்தான் திருத்தவேண்டும் என்பது குடிநீர்த் துறையின் நடைமுறை. இருபத்தைந்து வருடமாக அவர் திருத்திய எல்லா அறிவிப்பும் அந்த முறையில்தான் பலகைக்குப் போயிருக்கிறது. கம்ப்யூட்டரோ ஒவ்வொரு தடவையும் பென்டிரைவில் கை படாமல் கிடந்த பழையதை எடுத்து, சிரத்தையாக ஓடி, சிரத்தையாக நின்றிருக்கிறது. ஓநாயின் யோசனை, வழிகாட்டியின் யோசனை, ஒன்றும் அதன் காதுக்குப் போகவே இல்லை.

"ஆபீஸ்ல திருத்தின நகலை யாருங்க பலகையில ஒட்டுவாங்க?"

சுற்றறிக்கை சற்று யோசித்தார். "பியூன்."

மச்சினன் கடலையைக் கீழே வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் எடிட்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் மூடிக்கொண்டான். அவன் சொல்லாமல் விட்ட ஒரே நகைச்சுவை அதுதான். இந்தக் கதைக்கு நான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

[நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் 'கதை – இறுதி' என்று ஒன்று, 'கதை – உண்மையான இறுதி' என்று ஒன்று. மச்சினனை நீக்கியது இரண்டாவதில். எழுதிக்கொண்டிருப்பது முதலாவதில். அடுத்தவரைக் கேலி செய்யும் தொழிலில் இருப்பவனுக்கு இப்படியெல்லாம் அடி விழும். எடிட்டர் சொன்னபடியே செய்தேன்: இரண்டாம் பகுதிக்குப் போய், மேசைக்கு அடியில் வேண்டுமென்றே சம்பந்தமில்லாத ஒரு பச்சை வாளியை வைத்தேன். வாளி உங்கள் கண்ணில் பட்டதா? பட்டது என்றால் சரியான பிரதிதான் உங்கள் கையில் இருக்கிறது. இனி மச்சினனை இதிலும் நீக்கலாம். ஆனால் அடுத்த பகுதியைக் கேட்டபின் எனக்கு மனசு வரவில்லை.]

7

எடிட்டர் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்ட விடவில்லை. பென்டிரைவில் இருந்த அசலைத் திறந்து, ஐந்தை முப்பதாக்கினார்கள். முப்பது வரை எண்ண முடிந்தது. அந்த முப்பதுக்கே மச்சினன் விசிலடித்தான். பிறகு ஒரே ஒரு மாற்றம் மட்டும்: ஓநாய் முதலில் சொன்ன யூ.எஸ்.பி. துணைக்கோப்பு.

சுற்றறிக்கை பொத்தானை அழுத்தினார்.

எழுத்துகள் ஓடின. வழக்கமாக நிற்கும் வரி வந்தது. வந்து, மேலே ஏறி, போய்விட்டது! அதற்குக் கீழே இதுவரை பார்த்திராத வரிகள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் சுற்றறிக்கை அவற்றை உரக்க வாசித்தார். மச்சினன் வர்ணனையை மறந்து திரைக்கு அருகே வந்துவிட்டான். வரிகள் மறைந்தன. கறுப்புக்கு நடுவே வெள்ளை ஆப்பிள். அதன் கீழே மெலிதாய் ஒரு பட்டை, பாதி போய், யோசித்து, முழுசும் போய்... திரை வெளுத்தது. எந்த மொழியில் தொடரலாம் என்று மரியாதையாகக் கேட்டது.

சுற்றறிக்கை நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எடிட்டர் அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காலியாகக் கிடந்த இன்னொரு டிஸ்கில் மேக் ஏறியது. எடிட்டிங் மென்பொருள் இறங்கியது. தோள்பையில் இருந்த டிஸ்க் வெளியே வந்தது. லிஃப்டின் கதவு திரையில் திறந்தது. ஒரு கிழவர் ஏறினார், கண்ணாடியில் பல்லைப் பார்த்தார்.

சத்தம் வரவில்லை.

மேக் அந்தக் கம்ப்யூட்டரின் ஒலிச் சில்லை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இது இந்த வித்தையில் சகஜம். சரிசெய்ய இன்னொரு முழு நாள் ஆகலாம். மிச்சம் இருப்பதோ ஒலி சேர்க்கும் வேலை. மணி ஐந்தைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சுற்றறிக்கையின் கை தன்னிச்சையாகப் போனை எடுத்து, 'தவிர்க்க இயலாத' என்று தட்டத் தொடங்கியது.

"அக்கா, இது ஆகுமா பாரு," என்று மச்சினன் தன் பையைத் துழாவி ஒரு ஹெட்போனை எடுத்தான். அதன் முனையில் இருந்தது யூ.எஸ்.பி. செருகி, ஒலிச் சில்லு அதற்குள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டருடையது செவிடாக இருந்தாலும் கவலையில்லை. மழைக்காலத்தில் ஆன்லைனில் நீச்சல் வகுப்பு எடுப்பதற்காக வாங்கியதாம். தண்ணீர் இல்லாமல் எப்படி என்று நான் கேட்டேன். மூச்சுப் பயிற்சி சார் என்றான். கேட்டிருக்கக்கூடாது.

எடிட்டர் அதை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். லிஃப்ட் இறங்கும் ஓசை அவருக்கு மட்டும் கேட்டது. ஐந்து மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டு, "நான் வரலைங்க சார். தலைப்பு ஏற்கெனவே இருக்கு," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மன்றத்தில் சுற்றறிக்கை வெற்றிச் செய்தியை மூன்று பத்தியில் தெரிவித்தார். ஓநாய் ஒரே வரியில் பதில் போட்டது: நான்தான் முதலிலேயே சொன்னேனே.

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் படம் பரிசு வாங்குகிறது. முதலாளி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் திங்கட்கிழமை காலை, அனுப்பும்போது, மேக் மறுபடி அந்த வட்டத்தைக் காட்டி நிற்கிறது. இது உங்களைப் பழிவாங்குவது. மூன்றாவதில் இருள் சூழ்ந்த அரங்கில் பெயர்கள் ஓட, சுற்றறிக்கை தன் மனைவியின் பெயர் தனியாக, தன்னந்தனியாக, மேலே எந்தப் பார்வையும் இல்லாமல்...

இதை முடிக்கவில்லை. முடிக்காததற்குக் காரணம் அடக்கம் அல்ல. பரிசு யாருக்கு என்று போட்டிக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை. மச்சினனுக்கே தெரியாததை நான் குளத்தில் மிதந்தபடி எப்படிச் சொல்ல? உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பிரதியில் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எதிலாவது எழுதிவிட்டு, கதை மாறவில்லையே என்று என்மேல் பாயவேண்டாம்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிறு மாலையிலிருந்து எடிட்டர் இடத்தைவிட்டு எழவில்லை. படத்தின் முடிவில் எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் என்று மூன்று முறை ஒரே பெயர் வந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. சுற்றறிக்கை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, குடும்பக் குழுவில் தன் வாழ்நாளின் மிக நீளமான அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். அதை அவர் அனுப்புவதற்குள் எடிட்டருக்குப் போட்டிக்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால், படங்கள் அனுப்பவேண்டிய கடைசி நாள் மூன்று வாரம் நீட்டிக்கப்பட்டிருந்தது.